16 டன் மாடல் ரயில் வேகன் ஆடுகிறது, ஜின்டி இன்ஜின் கிட் பெட்டியிலேயே கிடக்கிறது. எதைத் தொடுவது?

பழைய_தண்டவாளம், நாட்டிங்ஹாம்

ஆறு மாதமாக ஓரமாக நின்று படித்துக்கொண்டிருந்தவன், இன்றைக்குத்தான் வாயைத் திறக்கிறேன். சொந்த ஊர் திருச்சி, அப்பா பொன்மலைப் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். நான் கம்ப்யூட்டர் வேலைக்காக இங்கே வந்து பதினொரு வருடம் ஆகிறது. கொரோனா சமயத்தில் மகனுக்கென்று ஒரு ரயில் செட் வாங்கினேன், அவன் இரண்டே வாரத்தில் விட்டுவிட்டான், நான் விடவில்லை. உங்களில் பாதிப் பேருக்கும் இதே கதையாகத்தான் இருக்கும்.

ரெடிமேட் வண்டி ஓட்டி அலுத்துப்போய், போன குளிர்காலத்தில் இரண்டு பிளாஸ்டிக் வேகன் கிட் வாங்கினேன். இரண்டும் டபுள் ஓ, அதாவது ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர் ஸ்கேல், பிரிட்டிஷ் ரயில்வேயின் 16 டன் நிலக்கரி வேகன், 1950களில் இரும்புத் தகட்டில் செய்து தள்ளினார்களே, அதுதான். ஒட்டி முடித்தபோது பார்க்க ஜம்மென்று இருந்தது. தண்டவாளத்தில் வைத்த பிறகுதான் சங்கதி தெரிந்தது. முதல் வேகனில் ஒரு மூலையில் விரலை வைத்தால் எதிர் மூலை எழும்புகிறது, கால் சரியில்லாத டீக்கடை பெஞ்சு மாதிரி. நேர்ப்பாதையில் எப்படியோ ஓடிவிடுகிறது, பாதை பிரிகிற பாயிண்ட் வந்தால் தடம் இறங்கிவிடுகிறது. இரண்டாவது ஆடவில்லை, ஆனால் அதுவும் பாயிண்டின் நடுவில் ஒரு துள்ளு துள்ளுகிறது. கிட்டோடு வந்த பிளாஸ்டிக் சக்கரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு உலோகச் சக்கரம்தான் போட்டிருக்கிறேன்.

இதற்கு நடுவில் ஒரு கண்காட்சியில், பழைய சாமான் மேசையில், ஒரு ஜின்டி கிட், அந்தக் காலத்து ஆறு சக்கர ஷண்டிங் நீராவி இன்ஜின், 35 பவுண்டுக்குக் கிடைத்தது. டபுள் ஓதான். உடம்பு பித்தளைத் தகடு, முன்னால் வைத்திருந்தவர் அதை ஏற்கெனவே மடித்துப் பற்றவைத்துப் பாதி முடித்திருக்கிறார், நல்ல கனமாகவும் இருக்கிறது. சேசிஸ் தகடு நிக்கல் சில்வர், அதை யாரும் தொடவே இல்லை. சிம்னி, டோம், பஃபர் எல்லாம் வெள்ளை உலோக வார்ப்பு, ஒரு பையில் அப்படியே இருக்கிறது. மோட்டார் இல்லை, சக்கரம் இல்லை. இன்ஜின் உடம்பின் பக்கவாட்டில் இருக்கிற தண்ணீர்த் தொட்டி ஒன்றின் தகடு நடுவில் லேசாகப் புடைத்து, அடியில் தையல் விட்டிருக்கிறது, அந்த இடத்தில் வெள்ளையாகப் பொடி பூத்திருக்கிறது. பற்றவைக்கத் தடவுகிற ஆசிட் ஃப்ளக்ஸைக் கழுவாமல் விட்டிருப்பார் என்று நினைக்கிறேன், அமுக்கிப் பிடித்து மறுபடி பற்றவைத்தால் சரியாகிவிடும்தானே?

கேள்வி மூன்று. வேகனை எப்படி நேராக்குவது. ஒழுங்காக ஒரு வேகன்கூடச் செய்யத் தெரியாதவன் இன்ஜின் சேசிஸில் கை வைக்கலாமா. அப்புறம், எனக்கு வயது 47, கண்ணாடி போட்டும் சின்ன ஸ்க்ரூ தெரியவில்லை, பேசாமல் ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர் என்கிற பெரிய ஸ்கேலுக்கு மாறிவிடலாமா. திட்டுவதாக இருந்தாலும் பரவாயில்லை, சொல்லுங்கள்.

கரிப்புகை, லிவர்பூல் பக்கம்

தம்பி, வாங்க. திட்ட ஒன்றும் இல்லை, என் முதல் வேகன் நாலு சக்கரத்தில் மூன்றுதான் தரையில் பட்டது, அதை ஷெட்டுக்கு வெளியே ஓரமாக நிரந்தரமாக நிறுத்தி, பழுதான வண்டி என்று ஒரு சீட்டு ஒட்டிவிட்டேன்.

முதலில் ஆடுகிற வேகன். நீங்கள் இரண்டு பக்கச் சட்டத்தையும் அறுப்புப் பாயின் (கட்டிங் மேட்) மேல் வைத்து ஒட்டியிருப்பீர்கள், சரிதானா? அந்தப் பாய் பார்க்கத்தான் தட்டை. படச்சட்டத்தில் போடுகிற கண்ணாடி ஒரு துண்டு வாங்கி மேசையில் வையுங்கள், இனிமேல் எது செய்தாலும் அதன் மேல்தான். ஒரு பக்கச் சட்டத்தை ஒட்டி, காய்ந்த பிறகு பித்தளைக் கிண்ணங்களை அச்சுத் துளையில் உட்காரவைத்து, 26 மில்லிமீட்டர் ஊசிமுனை அச்சு இரண்டையும் மாட்டி, அதற்கப்புறம்தான் இரண்டாவது பக்கத்தை வைக்க வேண்டும். பசை இளக்கமாக இருக்கும்போதே வண்டியைக் கண்ணாடியில் நிறுத்தி, தலையில் ஒரு பேட்டரியோ நட்டோ வைத்துவிட்டு, எழுந்து போய் டீ குடியுங்கள். கிட்ட உட்கார்ந்திருந்தால் கை சும்மா இருக்காது, தொட்டுத் தொட்டுப் பார்க்கும்.

ஏற்கெனவே ஒட்டியதை உடைக்க வேண்டாம். தூக்கி நிற்கிற மூலையில் மட்டும் அந்தப் பித்தளைக் கிண்ணத்தை எடுத்துவிட்டு, துளையை ஊசி அரத்தால் கொஞ்சம் மேலும் கீழும் அகலப்படுத்துங்கள். கிண்ணத்தைச் சுற்றி அரால்டைட் ஒரு துளி வைத்து, அச்சோடு சேர்த்து மாட்டி, கண்ணாடியில் பாரம் வைத்து இரவு முழுக்க விட்டுவிடுங்கள். கிண்ணம் தன் மட்டத்தைத் தானே தேடிக்கொள்ளும். அரால்டைட் அச்சு முனைக்குள் மட்டும் போகக்கூடாது, போனால் சக்கரம் சுற்றாது, அதற்கு என்னிடம் மருந்து கிடையாது.

இரண்டாவது வேகன் பாயிண்டில் துள்ளுவது வேறு வியாதி. சக்கரம் இரண்டுக்கும் நடுவில், உள்பக்கத்திலிருந்து உள்பக்கம், டபுள் ஓவுக்கு 14.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். வாங்கின சக்கரம் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பவே கூடாது, பெட்டியிலிருந்து எடுத்ததும் அளக்க வேண்டும். 14.2 என்று வந்தால் பாயிண்ட் நடுவில் இருக்கிற காவல் தண்டவாளத்தில் சக்கரத்தின் முதுகு இடிக்கும், அதுதான் துள்ளல். லேசாக முறுக்கிக்கொண்டே வெளியே இழுத்தால் நகரும். அப்புறம் எடை. பிளாஸ்டிக் வேகன் வெறும் தகரடப்பா, இரண்டு அச்சு வண்டிக்கு நாங்கள் 50 கிராம் கணக்கு வைப்போம். நிலக்கரி வேகன் என்பதால் கரிக்கு அடியில் எதை வேண்டுமானாலும் மறைக்கலாம்.

இப்போது ஜின்டி. கட்டாயம் கை வையுங்கள். இன்ஜின் சேசிஸ் என்பது மூன்று அச்சுள்ள வேகன், அவ்வளவுதான், கூடுதலாகப் பக்கத்தில் சக்கரங்களை இணைக்கிற ஒரு ராடு. அந்த ராடுதான் உயிரை வாங்கும், அதனால் அதிலிருந்தே தொடங்குங்கள். சட்டத்தை மடிப்பதற்கு முன்னால் கப்ளிங் ராடை முடித்துவிட வேண்டும். உங்கள் கிட்டில் ஒவ்வொரு ராடும் இரண்டு தகடாக வந்திருக்கும், ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பற்றவைக்க வேண்டும். துளை நேராக நிற்க, மரக்கட்டையில் டிரில் பிட்டை நட்டு அதில் மாட்டிக்கொள்ளுங்கள். ஜின்டியில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. மூன்று அச்சும் சம இடைவெளியில் இல்லை. மிட்லண்ட் ரயில்வே காலத்துப் பழக்கம், முன் அச்சுக்கும் நடு அச்சுக்கும் 8 அடி, நடுவுக்கும் பின்னுக்கும் எட்டரை அடி. நம் ஸ்கேலில் 32, 34 மில்லிமீட்டர். ராடில் எது முன் எது பின் என்று இன்றைக்கே மார்க்கர் பேனாவால் எழுதிவிடுங்கள்.

ராடு தயாரானதும் அதையே அளவுகோலாக வைத்துத்தான் அச்சு சுற்றுகிற வளையங்களை (புஷ்) சட்டத்தில் உட்காரவைக்க வேண்டும். நீளமான அச்சுக் கம்பியை மூன்று துளையிலும் விட்டு, அதன் முனையில் ராடை மாட்டிப் பாருங்கள். தானாக விழுந்து உட்கார்ந்தால் சரி, அமுக்கி நுழைத்தால் தப்பு. கம்பிகளை மேலிருந்தும் முன்னாலிருந்தும் ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், மூன்றும் ஒன்றையொன்று மறைக்க வேண்டும். மூலைமட்டம் பொய் சொன்னாலும் இந்தக் கம்பி சொல்லாது.

சக்கரத்துக்கு வருகிறேன். ராடு மாட்டுகிற கிராங்க் பின் ஒரு பக்கம் உச்சியில் நின்றால் மறுபக்கத்தது பக்கவாட்டில் நிற்க வேண்டும், 90 பாகை. அது சரியாக 90ஆ, 89ஆ என்பது பெரிய விஷயமில்லை, மூன்று அச்சிலும் ஒரே மாதிரி இருப்பதுதான் விஷயம். முதல் இன்ஜின் என்பதால் அச்சு முனை சதுரமாக உள்ள சக்கரம் வாங்குங்கள், பழைய ராம்ஃபோர்டு, இப்போது மார்கிட்ஸ் என்று விற்கிறார்களே அது. மாட்டினாலே கோணம் வந்துவிடும். விலை கூடத்தான், ஆனால் தூக்கம் வரும். மோட்டார் போடுவதற்கு முன்னால், சாய்த்த பலகையில் ஒரு முழத் தண்டவாளத்தை அடித்து, அதில் சேசிஸ் தானாக உருண்டு இறங்குகிறதா என்று பாருங்கள். எங்கேயாவது பிடித்தால் முதலில் முன் அச்சும் நடு அச்சும் மட்டும், அப்புறம் நடுவும் பின்னும் மட்டும் என்று பிரித்து ஓட்டிப் பார்த்தால் குற்றவாளி மாட்டிக்கொள்வான். உடனே எல்லாத் துளையையும் அகலப்படுத்திவிடாதீர்கள். நான் அப்படிச் செய்து, கடைசியில் இன்ஜின் ஓடியது, ஆனால் ராடெல்லாம் தையல் மெஷின் மாதிரி கடகடவென்று ஆடியது.

புடைத்த தொட்டி ஒன்றும் பெரிய வேலையில்லை, பொடியைச் சுரண்டிவிட்டு, துணி உலர்த்துகிற கிளிப்பில் அமுக்கிப் பிடித்து 145 டிகிரியில் உருகுகிற பற்றவைப்பு ஈயத்தில் (சால்டர்) ஓர் இழை ஓட்டினால் போதும். 25 வாட் சால்டரிங் அயர்ன் மட்டும் வேண்டாம், பித்தளை சூட்டை இழுத்துக்கொண்டு ஓடும், அகலமான முனையுள்ள 50 வாட் வாங்குங்கள். அந்த நிக்கல் சில்வருக்குப் பேர்தான் வெள்ளி, உள்ளே இருப்பது செம்பும் நிக்கலும் துத்தநாகமும், அது பித்தளையைவிடச் சூட்டை மெதுவாகக் கடத்தும் என்பதால் வைத்த இடத்திலேயே பற்றிக்கொள்ளும். வேலை முடிந்த அன்றைக்கே பல்துலக்கும் பிரஷ்ஷும் தண்ணீரும் போட்டு ஆசிட் ஃப்ளக்ஸைக் கழுவிவிடுங்கள், இல்லாவிட்டால் காலையில் பச்சைப் பச்சையாகப் பாசி பிடித்த மாதிரி இருக்கும்.

ஒற்றைப்பெட்டி

ஸ்கேல் கேள்விக்கு மட்டும் பதில். நான் 'N' கேஜ் ஆள், டபுள் ஓவில் ஏறக்குறைய பாதி அளவு, எங்கள் 16 டன் வேகன் மொத்தமே 34 மில்லிமீட்டர் நீளம், தும்மினால் தேட வேண்டும். அதே வேகன் 7 மில்லிமீட்டர் ஸ்கேலில் 115 மில்லிமீட்டர் இருக்கும், கைக்கு வாகாகத்தான் இருக்கும். ஆனால் வளைவுக்கு இடம்? உங்கள் வீட்டில் எந்த அறையைக் காலி செய்யப்போகிறீர்கள், வீட்டில் சொல்லிவிட்டீர்களா? கண்ணுக்கு ஒரு ஸ்டாண்டு லென்ஸும் நல்ல வெளிச்சமும் போதும், 30 பவுண்டில் முடிந்துவிடும். ஸ்கேல் மாறினால் முடியாது.

கரிப்புகை, லிவர்பூல் பக்கம்

இதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டபுள் ஓவில் இருப்பவர்களுக்கு ஒரு நாள் இந்த உறுத்தல் வந்தே தீரும், இப்போதே சொல்லிவைக்கிறேன். 4 மில்லிமீட்டருக்கு ஓர் அடி என்றால் இந்த நாட்டுத் தண்டவாளம் 18.83 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும், நாம் ஓட்டுவதோ எச்ஓ என்கிற 3.5 மில்லிமீட்டர் ஸ்கேலின் 16.5. ஆதிகாலத்து மோட்டார் சின்ன பிரிட்டிஷ் இன்ஜின் உடம்புக்குள் அடங்கவில்லை, உடம்பைப் பெரிதாக்கிவிட்டுத் தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டார்கள், இன்றைக்கும் அந்தச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறோம். உறுத்தல் தாங்காதவர்கள் 18.2க்கு இ.எம். என்றும், முழுதாக 18.83க்கு பி4 என்றும் போய்விட்டார்கள். நீங்கள் போகாதீர்கள், முதலில் ஒரு ஜின்டியை ஓட்டுங்கள். மொத்தம் 422 ஜின்டி செய்தார்கள், இன்னும் 421க்கு வேலை இருக்கிறது.

யாழ்தேவி, ரொறன்ரோ

அண்ணே, கரிப்புகை ஐயா, குறுக்கே வாறதுக்கு மன்னிக்கவேணும். தயவுசெய்து அந்தத் தண்ணீர்த் தொட்டியில் அயர்னை வைக்காதீர்கள்!

கேள்வியைத் திரும்ப ஒருக்கால் வாசியுங்கோ. உடம்பு நல்ல கனம் என்கிறார், தொட்டி நடுவில் புடைத்திருக்கு என்கிறார், தையல் விட்ட இடத்தில் வெள்ளைப் பொடி என்கிறார். ஃப்ளக்ஸ் மிச்சம் என்றால் பச்சையாக வரும், தகடும் புடைக்காது. இது ஈயக்குண்டு. முன்னால் வைத்திருந்தவர் எடைக்காகத் தொட்டிக்குள் சின்ன ஈயக்குண்டுகளைக் கொட்டி, மரத்துக்குப் போடுகிற வெள்ளைப் பசையை மேலே ஊற்றியிருக்கிறார். அந்தப் பசையிலிருந்து கசிகிற அசெட்டிக் அமிலம் ஈயத்தைத் தின்னும், ஈயம் வெள்ளை உப்பாக மாறும், மாற மாற இடம் கூடுதலாக எடுக்கும். வருடக்கணக்கில் மெதுவாக நடக்கிற விஷயம் என்றபடியால் ஒருத்தருக்கும் விளங்காது, ஒருநாள் பார்த்தால் பாய்லர் வெடித்திருக்கும். எனக்கு ஒரு டென்டர் (இன்ஜினுக்குப் பின்னால் வாற கரி, தண்ணீர் வண்டி) அப்படித்தான் போனது, அலுமாரியில் நாலு வருடம் கிடந்தது, எடுத்துப் பார்த்தால் நான் கட்டின பக்கச் சுவர் வாழைப்பழத் தோல் மாதிரி விரிந்து கிடந்தது. அந்தப் பசையை ஊற்றினதும் நான்தான், வேறு ஆரையும் குற்றம் சொல்ல ஏலாது.

அமுக்கிப் பற்றவைத்தாலும் உள்ளே அது வளர்ந்துகொண்டே இருக்கும், இன்னும் இரண்டு வருடத்தில் திரும்பப் புடைக்கும். சூடாக்கினால் அந்தத் தூசியும் ஆவியும் உங்கள் மூக்குக்குள்தான். உடம்பை இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு நாள் ஊறப்போட்டு, அடித்தகட்டைத் திறந்து, ஈரமாக இருக்கும்போதே பழைய பல்லுக்குத்தியால் கொத்தி எடுங்கோ. காய்ந்த பிறகு உரசவோ ஊதவோ வேண்டாம், அது ஈய உப்பு, நஞ்சு. கையுறை போடுங்கோ, சாப்பாட்டு மேசையில் செய்யாதீர்கள், மகனைக் கிட்ட விடாதீர்கள். மற்றத் தொட்டியையும் திறந்து பாருங்கோ, புடைக்கவில்லை என்றால் இன்னும் புடைக்கவில்லை என்றுதான் அர்த்தம். திரும்ப எடை வைக்கிறது என்றால் ஈயத் தகட்டை வெட்டி அரால்டைட்டில் ஒட்டலாம்.

எடை பற்றிப் பேசினபடியால் இதையும் சொல்லிவிடுறேன். இங்கே எச்ஓவில் எங்களுக்கு ஒரு கணக்கு இருக்கு, அடிப்படை ஒரு அவுன்ஸ், அதற்கு மேல் நீளத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். 40 அடி பெட்டி வேகன் ஐந்தரை அங்குலம் வரும், அப்படிப் பார்த்தால் 106 கிராம் சொச்சம். உங்களுடைய 50 கிராம் கணக்கும் குட்டி வண்டிக்குக் கிட்டத்தட்டச் சரிதான்.

நான் கட்டிக்கொண்டிருப்பது வேறு கூத்து. எங்கட இலங்கை ரயில்வேயின் எம்2 டீசல், கொழும்புத் திட்டம் என்ற உதவித் திட்டத்தில் கனடா கொடுத்தது, ஒன்ராறியோ, அல்பேர்ட்டா என்று கனடா மாகாணப் பேர்களோடு வந்த இன்ஜின்கள். அந்தப் பேர் எழுதின இன்ஜினை ஊரில் பார்த்து வளர்ந்துவிட்டு, இப்போது ஒன்ராறியோவிலேயே குந்தியிருந்து அதைக் கட்டுறேன். எங்கட பாதை ஐந்தரை அடி அகலம், எச்ஓவில் 19.25 மில்லிமீட்டர் வரவேணும், அதற்குத் தண்டவாளம் ஒருத்தரும் விற்கிறதில்லை. ஆகவே 16.5இல் நிற்குது, ஒல்லிக் காலில் நிற்கிற எருமை மாதிரி. கரிப்புகை ஐயா சொன்ன உறுத்தல் எனக்குக் கனக்க இருக்கு.

கரிப்புகை, லிவர்பூல் பக்கம்

யாழ்தேவி சொன்னதுதான் சரி. கனம், புடைப்பு, பொடி, மூன்றையும் படித்துவிட்டுத்தான் பதில் எழுதினேன், மூன்றையும் சேர்த்து யோசிக்கவில்லை. வேகன் உற்சாகத்தில் தலை ஓடிவிட்டது. தம்பி, பற்றவைக்கச் சொன்ன பத்தியை மறந்துவிடுங்கள். சேசிஸைப் பற்றிச் சொன்னதில் மாற்றம் இல்லை.

அந்த வெள்ளை உலோகப் பையைத் திறப்பதற்கு முன் ஒரு வார்த்தை. அதைச் சாதாரண ஈயத்தில் பற்றவைக்க முயன்றால் வார்ப்பே உருகிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கண்ணெதிரே என் டோம் ஒன்று வெயிலில் வைத்த ஐஸ்கிரீம் மாதிரி தலைசாய்ந்தது, ஒரு விநாடிக்கு மேல் ஆகியிருக்காது. அதற்கென்று 70 டிகிரியில் உருகுகிற தாழ்சூட்டு ஈயம் இருக்கிறது, சூட்டைக் குறைக்க முடிகிற அயர்னும் வேண்டும். இன்னொன்று, அந்த 70 டிகிரி ஈயம் பித்தளையில் நேராக ஒட்டாது. பித்தளையில் டோம் உட்காரப்போகிற இடத்தில் மட்டும் முதலில் சாதாரண ஈயத்தை மெல்லிசாகப் பூசிவிட்டு, அதன் மேல்தான் இதை வைக்க வேண்டும். பயமாக இருந்தால் வார்ப்புக்கெல்லாம் அரால்டைட் போடுங்கள், யாரும் கவிழ்த்துப் பார்த்து மார்க் போடப்போவதில்லை.

பழைய_தண்டவாளம், நாட்டிங்ஹாம்

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

யாழ்தேவி அண்ணனுக்குப் பெரிய நன்றி. தோட்டத்துக் கொட்டகையில் வைத்துத் திறந்தேன், உள்ளே அரிசிக் கூழ் கெட்டியான மாதிரி வெள்ளைக் கட்டி, நடுநடுவே கறுப்புக் குண்டுகள். புடைக்காத தொட்டியிலும் அதே கதை, சுவர் இன்னும் தாங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். ஊறவைத்துக் கொத்தி எடுக்க இரண்டு ராத்திரி பிடித்தது. புடைத்த தகடு முழுசாக நேராகவில்லை, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரிகிறது. அழுக்கு இன்ஜினாகப் பெயின்ட் அடித்து மறைத்துவிடலாம் என்று இருக்கிறேன்.

முதல் வேகன் கண்ணாடியில் அசையாமல் நிற்கிறது! கிண்ணத்தைத் தளர்த்தி அரால்டைட் வைக்கிற வித்தை அப்படியே வேலை செய்தது. இரண்டாவது வேகன் சக்கரத்தை அளந்தால் ஓர் அச்சு 14.1, இன்னொன்று 14.4. இரண்டையும் 14.5 ஆக்கினேன், பாயிண்டில் இப்போது சத்தமே இல்லை.

ஜின்டி ராடு முடிந்தது, சேசிஸ் மடித்தாயிற்று, சக்கரம் மாட்டி உருட்டினால் ஒரு சுற்றுக்கு ஓர் இடத்தில் பிடிக்கிறது. பிரித்து ஓட்டியதில் முன் ஜோடி சரி, பின் ஜோடிதான் பிடிக்கிறது. இடது ராடின் பின் துளைக்குள் ஓரமாகத் துளி ஈயம் ஏறி நின்றிருந்தது. அப்பாவின் ஊசி அரம் என்னிடம்தான் இருக்கிறது, ஊரிலிருந்து வரும்போது காரணமே இல்லாமல் எடுத்து வந்தேன். அவர் ஈயத்தை அராவும்போது முதலில் அரத்தில் சாக்பீஸைத் தேய்ப்பார், அப்போதுதான் பல்லில் அடைக்காது என்பார். மகனின் கலர் சாக்பீஸ்தான் கிடைத்தது, அரம் இப்போது ரோஸ் நிறம். மூன்று இழுப்பு, ஈயம் போய்விட்டது, துளை பெரிதாகவில்லை. பலகையைச் சாய்த்துக் கையை எடுத்தேன், கீழே வரைக்கும் தானாகப் போய்ச் சுவரில் முட்டியது. கியர்பாக்ஸ் 40க்கு 1 வாங்கலாமா 60க்கு 1ஆ?

ஒற்றைப்பெட்டி

ஷண்டிங் இன்ஜின்தானே, 60. சுவருக்கு முன்னால் ஒரு தலையணை வையுங்கள்.